வேலை வாங்கித் தருகிறேன் என்பவன் நம் தெருவுக்கே ஏன் வருகிறான்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் அம்பேத்கர் படிப்பகத்தில் குரூப் 4 எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கிராமத்துக் காலனியிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்து வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"தோழரே, இது நெசந்தானான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. பையன் திங்கக்கிழம போயி சேரணும்."

உறைக்குள் பணி நியமன ஆணை. மேலே கோபுரச் சின்னம். கீழே பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை. இளநிலை உதவியாளர் பதவி, பட்டியல் சாதியினருக்கான பின்னடைவுக் காலிப்பணியிடம், சம்பள விகிதம், சேர வேண்டிய அலுவலகம் எல்லாம் இருந்தது. ஆனால் 'ந.க. எண்' என்று போட்ட இடத்துக்கு எதிரே எண் இல்லை. எந்தத் தேர்வில் தேறி இந்தப் பையன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்பது ஒரு வரிகூட இல்லை. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி. ஆணை வந்தது வாட்ஸ்அப்பில். லேமினேட் செய்யக் கொடுக்கப் போன இடத்தில் ஜெராக்ஸ் கடைப் பையன்தான், "எதுக்கும் படிப்பகத்துல ஒருவாட்டி காட்டிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறான். அந்தப் பையனுக்கு இருந்த சந்தேகம் மூன்று மாதம் முன்பு வேறு யாருக்காவது வந்திருக்கலாம்.

எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மூன்று லட்சத்து இருபதாயிரம். அம்மாவின் தோடும் சங்கிலியும், இரண்டு மகளிர் குழுக் கடன், மீதி ஊர்ப் பக்கத்தில் வட்டிக்கு. யாரிடம் கொடுத்தீர்கள் என்றேன். அவர் சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டியிருக்கிறது.

"நம்ம ஆளுதான் தோழரே. ஏப்ரல் 14 கூட்டத்துல ஒங்க பக்கத்து நாற்காலியிலதான் ஒக்காந்திருந்தாரு. அந்தப் போட்டோவ காட்டித்தான் பேசுனாரு. நீங்க இருக்கீங்களேன்னுதான் நானும் நம்புனேன்."

என் முகம் அந்தப் படத்தில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, பணம் வாங்கவில்லை, அவருடன் நான்கு வார்த்தைக்கு மேல் பேசியதுமில்லை. ஆனால் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு அங்கே ஜாமீனாக நின்றது என் முகம்.

இதுபோன்ற செய்தி வரும்போதெல்லாம் கீழே ஒரு கூட்டம் வந்து எழுதும்: பேராசை, உழைக்காமல் அரசு வேலைக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான், ஏமாறுபவன் இருக்கும்வரை ஏமாற்றுபவன் இருப்பான். இதை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் மாமா சொல்லி, சித்தப்பாவின் நண்பர் சொல்லி வேலைக்குப் போனவர்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ரெஃபரன்ஸ்'. நம் வீட்டில் அதே கதவைத் தட்ட ஒருவன் காசு கேட்கிறான், நாம் கொடுக்கிறோம், அதற்குப் பெயர் பேராசை!

2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் ஒரு சோதனை செய்து எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும்தான் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு ஒன்று என்றால் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. படிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தும் இதுதான் நிலை. நேர்வழியில் விண்ணப்பம் போட்டுப் போட்டுப் பதில் வராதவனிடம்தான் "நேர்வழியில எதுவும் நடக்காது தம்பி" என்று தரகன் வந்து சொல்கிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் மீதிப் பொய்யை விற்கிறான்.

சரிபார்ப்பது என்ற சின்ன விஷயத்தைப் பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராகத் தாய்மாமன் இருக்கிற வீட்டில் இந்த ஆணை வந்திருந்தால் ஒரு போன் போதும். "இப்படி ஒரு போஸ்டிங் போட்ருக்காங்களா மாமா?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் அப்பாவுக்கு அந்த அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அங்கே கூட்டிப் பெருக்குகிற அக்கா. சாதி என்பது கோயில் வாசலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் மட்டும் இருப்பதில்லை. யாருக்குப் போன் போட முடியும், யாருக்கு முடியாது என்பதிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் போலி ஆணையில் 'பின்னடைவுக் காலிப்பணியிடம்' என்று போட்டிருந்தது தற்செயல் அல்ல. தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பதைப் பற்றி நாம்தான் மேடை போட்டுப் பேசுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று அதைக் கேட்கும் தரகன் மறுநாள் நம் வீட்டுக் கதவைத் தட்டி, "நம்ம கோட்டா சீட்டு சும்மா கெடக்குதுண்ணே, ஜெனரல்காரன் அமுக்கறதுக்குள்ள புடிக்கணும்" என்கிறான். அரசு நிரப்பாமல் வைத்திருக்கிற இடத்தை அவன் கூறுபோட்டு விற்கிறான். நிரப்பினால் அவனிடம் விற்கச் சரக்கு இருக்காது.

உண்மையான ஊழல் இல்லாவிட்டால் இந்தப் பொய் ஊழல் பிழைக்காது என்பதும் உண்மை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்தது நினைவிருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும் மையில் விடை குறிக்கச் செய்து, விடைத்தாள்கள் போகும் வழியில் சரியான விடைகளைக் குறித்தார்கள். 2020 சனவரியில் அம்பலமானபோது 99 தேர்வர்களுக்கு வாழ்நாள் தடை விதித்தது தேர்வாணையம். அந்தச் செய்தியைப் படித்து நீங்களும் நானும் கொதித்தோம். தரகன் அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டான். "பாத்தீங்கல்ல, நடக்குது. மாட்டினது 99 பேரு. மாட்டாதது எத்தன?" என்று காட்டுகிறான்.

2022-இல் தில்லியில் நடந்ததை நம் பிள்ளைகளிடம் ஒவ்வொரு தொகுப்பு வகுப்பிலும் சொல்கிறேன். தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர், பெரும்பாலும் பொறியியலோ தொழிற்கல்வியோ படித்தவர்கள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் வேலை என்று சொல்லி ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை வாங்கினார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு 'பயிற்சி' என்று புதுதில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நிறுத்தினார்கள். என்ன பயிற்சி தெரியுமா? வருகிற போகிற ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஒரு மாதம். எண்ணினார்கள்.

இதைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு வரும். நானும் முதலில் படித்தபோது சிரித்தவன்தான். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். எந்த அலுவலகத்திலும் முதல் மாதம் பொருளற்ற வேலைதானே தருகிறார்கள்? அரசு அலுவலகம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணுவதற்கு, அந்த அலுவலகத்துக்குள் வாழ்ந்த ஒருவர் வீட்டில் இருந்திருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? குடும்பத்தில் முதலாவதாக அலுவலக வாசலை மிதிப்பவனுக்கு உண்மையான அலுவலகம் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. இது அறிவுக் குறைவு இல்லை. தலைமுறைகளாக உள்ளே விடாததன் விளைவு.

வெளிநாட்டு வேலை இன்னும் கொடியது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவுத் துறையே எச்சரிக்கை வெளியிட்டது; அடுத்த மாதமே 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்க வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. வேலைக்கு ஏமாந்து போனவன் அங்கே உட்கார்ந்து இன்னொருவனை ஏமாற்ற வேண்டும் என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

வெளிநாடு போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது விசாவைத்தான். சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஏஜென்ட் ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. நம் பகுதியில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கொடுத்துப் போகாத ஆளை நான் பார்த்ததில்லை. சட்டத்தில் இருக்கிற இந்தத் தொகையைச் சொன்னால், "அந்த ரேட்டுக்கு யாரும் அனுப்ப மாட்டான் தோழர்" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுகிறவனும் தெரியாமல் பேசுகிறவனும் ஒன்றல்ல.

அரசு வேலைக்கு வருவோம். குரூப் 4-க்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான், நேர்முகத் தேர்வே கிடையாது. எனவே "இன்டர்வியூவ நான் பாத்துக்கறேன்" என்று சொல்பவன் இல்லாத ஒன்றை விற்கிறான். தேர்வாணையம் பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களிடம் தேர்வுக் கட்டணம்கூட வாங்குவதில்லை. தேர்வு முடிவு, தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு எல்லாம் அதன் இணையதளத்தில் வரும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். நடுவில் ஜிஓவி என்று எங்கோ ஒட்டிக்கொண்டு கடைசியில் 'டாட் காம்' என்றோ 'டாட் ஓஆர்ஜி' என்றோ முடிந்தால் அது வேறு யாரோ. எழுதாத தேர்வுக்கு ஆணை வராது. இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று தோன்றும். அன்று வந்த பையன் தேர்வே எழுதவில்லை. "ஸ்பெஷல் கோட்டா, எக்ஸாம் கெடையாது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லா அரசு வேலையும் தேர்வாணையம் வழியாக வருவதில்லை. ரேஷன் கடை விற்பனையாளர், கிராம உதவியாளர், சத்துணவு, அங்கன்வாடிப் பணிகளுக்கு மாவட்ட அளவில் ஆள் எடுக்கிறார்கள், நேர்காணல் இருக்கிறது. தரகர்கள் மொய்ப்பது இங்கேதான். இவற்றுக்கும் அறிவிப்பு இல்லாமல் ஆணை கிடையாது. எந்த அறிவிப்பு, என்ன தேதி, எத்தனை இடம் என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் தரகன் முகம் மாறும். சந்தேகமென்றால் ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே நேராகப் போய்க் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது, நாளைக்குள் பணம் கட்டியாக வேண்டும் என்று ஒருவன் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே போதுமான பதில்.

தனியார் கம்பெனி என்றால் இன்னும் எளிது. லேப்டாப்புக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் காசு, எதன் பெயரிலும் வேலை தருகிறவன் நம்மிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் அவன் தொழில் வேறு.

செல்போனில் வருவது தனிக்கதை. வீடியோவுக்கு லைக் போடு, தினம் 150 ரூபாய் என்று முதலில் உண்மையாகவே போட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் ஐயாயிரம் கட்டு, ஏழாயிரமாகத் திரும்பும் என்பார்கள். அதோடு போனால்கூடப் பரவாயில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகள் தங்கள் வங்கிக் கணக்கை 'கமிஷனுக்கு' விட்டார்கள். வேலை என்று நினைத்துத்தான் செய்தார்கள்: கணக்கில் பணம் வரும், சொல்கிற இடத்துக்கு மாற்றிவிட வேண்டும், நூற்றுக்கு இரண்டு ரூபாய். யாரோ ஏமாந்த காசு அது. கணக்கு முடக்கப்பட்டு, வெளிமாநிலக் காவல்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தபோது ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தைப் படிக்கத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். உண்மையான கொள்ளைக்காரன் எங்கோ இருக்கிறான். காவல்துறைப் பதிவேட்டில் முதல் பெயர் காலனிப் பையனுடையது. காவல்துறை நம் தெருவை ஏற்கெனவே எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, ஏமாந்தாகிவிட்டது. ஆன்லைனில் பணம் போயிருந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வழி நீளம். காவல் நிலையத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "லஞ்சம் குடுத்து வேல வாங்கப் பாத்தியா? அப்ப நீயும் குத்தவாளிதானே?" 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதால் இந்த மிரட்டல் பலிக்கிறது. பலர் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதிகாரியே இல்லாத இடத்தில், இல்லாத வேலையைக் காட்டிப் பணம் பறித்தது மோசடி. ஏமாற்றப்பட்டவர் என்றுதான் புகாரை எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுத ஒரு வழக்கறிஞர் தோழரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ." தரகன் முன்ஜாக்கிரதையாகப் பணத்தைக் கைமாற்றுக் கடன் போலப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருப்பான். நாமும் 'எழுத்து இருக்குதே' என்று நிம்மதியாக வாங்கி வைத்திருப்போம். அதனால்தான் போன் பேச்சு, வாட்ஸ்அப் செய்தி, அந்தப் போலி ஆணை எதையும் அழிக்கக் கூடாது. வேலைக்காகத்தான் பணம் போனது என்பதற்கு அவைதான் சாட்சி. புகார் வாங்கினால் மனு ஏற்புச் சீட்டு கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் தட்டிக் கழித்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, மாவட்டக் குற்றப்பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த அப்பாவோடு நான் மூன்று முறை நிலையத்துக்குப் போனேன். மூன்றாம் முறைதான் சீட்டுக் கிடைத்தது. நடுவில் தரகர் ஆள் அனுப்பினார்: அறுபதாயிரம் இப்போது தருகிறேன், மீதியைப் பிறகு பார்க்கலாம், மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்கிறபோது அறுபதாயிரம் சின்னத் தொகை அல்ல. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மனுவைத் திரும்ப வாங்காதீர்கள் என்றேன். தரகர் பணம் தரவில்லை. மனு நிற்கிறது.

இதற்குள் நம் அமைப்புக்குள்ளிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. "நம்ம ஆளை நாமே காட்டிக் கொடுக்கலாமா தோழர்?" "எதிரிங்க சிரிக்க மாட்டாங்களா?" "உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே?" ஊர்த்தெருக்காரன் ஒருவன் இதே மூன்று லட்சத்தை நம் வீட்டிலிருந்து எடுத்திருந்தால் இந்நேரம் சாலை மறியல் நடத்தியிருப்போம். நம் ஆள் எடுத்தால் உள்ளுக்குள் பேச வேண்டுமாம். சொந்தச் சாதிக்காரன் என்ற நம்பிக்கையை முதலீடாகப் போட்டுத்தானே அவர் இந்தத் தொழிலையே நடத்துகிறார்? நாம் மூடி மறைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த முதலீடு பெருகுகிறது. அவருடைய பட்டியலில் இன்னும் நான்கு குடும்பங்கள் இருப்பது விசாரித்தபோது தெரிந்தது. நான்கும் காலனிகள். நான்கு இடத்திலும் காட்டியது அதே புகைப்படம்.

இப்போது படிப்பகத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். யாருக்கு என்ன வேலைச் செய்தி வந்தாலும் போனோடு கொண்டுவரலாம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். ஓய்வுபெற்ற வருவாய்த்துறைத் தோழர் ஒருவர் வந்து உண்மையான ஆணை எப்படி இருக்கும் என்று தன்னுடைய பழைய ஆணையைக் கொண்டுவந்து காட்டுகிறார். தாய்மாமன் இல்லாத வீட்டுக்கு அவர்தான் இப்போது தாய்மாமன். அந்தப் பையனும் வருகிறான். முதல் இரண்டு வாரம் பேசவில்லை. போன வாரம் இன்னொரு பிள்ளையின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ந.க. நம்பர் எங்க?" என்று கேட்டான். குரூப் 4-க்கு முறையாக விண்ணப்பிக்கப் போகிறான்.

அடுத்த ஏப்ரல் 14-க்கான பதாகையில் யார் யார் பெயர் என்று விழாக்குழு இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் பெயர் இருந்தால் என் பெயர் இருக்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.